ஊருக்கு ஒரே காற்றுவடி

செவ்வாய்க் கிரகத்துப் புதுநாமக்கல்லில் எஃப்.சி. வந்துவிட்டால் வீடுகளில் ரசம் கிடையாது. ஊரையே மூடியிருக்கும் கூடாரத்தின் தோட்டத்தில் விளைகிற புளி முழுக்க லாரிகளுக்குப் போய்விடும். பாவாயியும் காலையிலிருந்து தன் லாரியின் காற்றுக்குழாயைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

செவ்வாயின் காற்று கரியமில வாயு. நமக்கு ஆகாது, மக்னீசியத் தூளுக்கு அமிர்தம். அதில் தூள் பற்றி எரியும், லாரி ஓடும், சாம்பல் சுண்ணாம்பு அடித்ததுபோல எஞ்சினிலிருந்து குழாய்வரை அப்பிக்கொள்ளும். அதை எடுக்கப் பூமியில் ஒரு ரசாயனம் கண்டுபிடித்து அனுப்பினார்கள். ஆனால் புளிக்குத்தான் அது கேட்டது.

சாம்பலைவிடப் பெரிய தொல்லை, வெளியிலிருந்து வரும் செம்புழுதி. முகப்பவுடரைவிட நைசு. அதைத் தடுக்கத்தான் குழாயின் வாயில் காற்றை வடிகட்டும் ஆளுயரக் காற்றுவடி ஒன்றை வைத்து அனுப்பியிருந்தார்கள். ஆனால் வடி இருந்தால் லாரி ஏற்றத்தில் திணறும். பாவாயியின் புருஷன் சென்னியப்பன் ஊர் மெக்கானிக். அவன் ஒருநாள் வடியைத் தூக்கிக் கடாசினான், வளைந்த குழாயை அறுத்து நேர்க்குழாய் வைத்தான், லாரி பள்ளத்திலிருந்து பறந்து ஏறியது. பார்த்த அத்தனை பேரும் அவனிடம் லாரியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். கழற்றிய வடிகள் மெத்தையாயின, பாத்திரம் தேய்க்கும் நாராயின. பாவாயியின் வடி மட்டும் பரணில் தப்பித்தது.

எஃப்.சி. என்றால் லாரி ஓடலாம் என்று சான்று தரும் பரிசோதனை. முன்பு ரோபோதான் செய்தது. அது வந்த லாரியையெல்லாம் ஃபெயிலாக்கியது. அப்புறம் ஒருநாள் அதற்கே உடம்பு சரியில்லாமல் போய்விட்டது, எப்படி என்று யாரும் கேட்கவில்லை. அதன் இடத்துக்கு மனிதர் வந்தார், பூமியின் பழைய ஏமாற்று வழக்கமும் கூடவே வந்தது. கல்யாணத்துக்கு இரவல் நகை போடுகிற மாதிரி, பாவாயியின் வடியை ஒவ்வொரு லாரியும் பரிசோதனைக்கு மாட்டிக்கொண்டு போகும். முடிந்ததும் கழற்றி அடுத்த லாரிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இன்று அவளுடைய முறை. ஃபெயிலானால் லாரியைப் பறித்துக்கொண்டு கூடாரத் தோட்டத்தில் கீரை ஆய உட்கார வைத்துவிடுவார்கள். ஸ்டியரிங் பிடித்த கைக்கு அதைவிடக் கேவலம் கிடையாது.

புதிய அதிகாரி தேவசகாயம் சிரிக்கவே தெரியாதவர். லாரிகளும் கூடாரத்தின் காற்றும் அவர் பொறுப்பு. எஞ்சினைப் பார்த்தார், வடியை வெளியே இழுத்தார், முகர்ந்தார். உதவியாளனைத் தேநீர் குடிக்க அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"அக்கா, இந்த வாரம் வந்த எல்லா லாரியிலயும் இதே வடிதான். அதே சந்தனம், அதே பொட்டு."

ஆயுத பூஜைக்கு வைத்தது. துடைக்க வேண்டும் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை, சாமிக்கு வைத்த பொட்டை யார் துடைப்பார்கள். பாவாயி மறைக்கவில்லை.

"வடி இருந்தா ஏத்தத்துல இழுக்கறதில்லீங்க சார். அதான் கழட்டிப் போட்டோமுங்க."

அவர் பாஸ் என்று முத்திரை குத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த வடி இரண்டு நாளைக்கு இரவல் வேண்டும் என்றார். பூமியிலிருந்து மேலதிகாரிகள் வருகிறார்களாம், கூடாரத்துக்கே எஃப்.சி.யாம். கூடாரமும் வெளிக்காற்றை இழுத்துத்தான் பிராணவாயுவைப் பிரிக்கிறது. உச்சியில் இருக்கும் அதன் காற்றுக்குழாயின் வாயிலும் இதே அளவு வடிதான்.

"அந்த வடி எங்கீங்க சார்?"

"வடி இருந்தா விசிறி இழுக்க மாட்டேங்குதுக்கா. கரண்ட்டத் தின்னுது. எனக்கு முன்னாடி இருந்தவரே கழட்டிட்டாரு."

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரில் எல்லாருக்கும் சளி சிவப்பாக வருவது பீட்ரூட் தின்பதால்தான் என்று இந்த ஆள்தானே கூட்டம் போட்டுச் சொன்னார்! சட்டையைப் பிடிக்கக் கை எழுந்தது. கையில் பாஸ் சான்று இருந்தது. அதைப் பத்திரமாக மடித்து இடுப்பில் செருகினாள். அதற்குள் வேகம் கொஞ்சம் தணிந்துவிட்டது, வடியைத் தூக்கிக் கொடுத்தாள்.

கூடாரம் பாஸாகியது. அந்த இரண்டு நாளும் ஊர் அடித்துப்போட்டதுபோலத் தூங்கியது. குழந்தைகள் மூச்சு வாங்காமல் ஓடின. பாவாயி உண்மையைப் போட்டு உடைத்தாள். ஊர் கொதித்தது. மனுஷன் விடுகிற மூச்சில் விளையாடுகிறவன் விளங்குவானா என்று லாரிக்காரர்கள் ஆளுக்கு ஆள் தேவசகாயத்தைத் திட்டித் தீர்த்தார்கள். வடி இனிமேல் அங்கேயே இருக்கட்டும் என்று சென்னியப்பன் சொன்னான், எல்லாரும் ஒரே குரலில் ஆமாம் என்றார்கள்.

மறுநாள் காலையில் லாரிக்காரன் நல்லசிவம் பாவாயி வீட்டு வாசலில் வந்து நின்றான். நேற்று எல்லாரையும்விடச் சத்தமாகத் திட்டியவன் அவன்தான்.

"இன்னைக்கு என் லாரிக்கு எஃப்.சி.ங்க அக்கா" என்றான்.

அவனுக்குப் பின்னால் இன்னும் எஃப்.சி. மிச்சமிருந்த லாரிக்காரர்கள் நின்றார்கள். பாவாயி அவர்களைப் பார்த்தாள். நாளைக்குத் தன் லாரிக்கும் இவர்கள்தானே துணை. ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கூடாரத்தின் உச்சிக்கு ஏறினாள். அவள் வடியைக் கழற்றும்போது ஊரே கீழே திரண்டு நின்று, பார்த்துக் கழற்று, கிழிந்துவிடப் போகிறது என்று கவலையோடு சொல்லிக்கொண்டிருந்தது.