தொடக்கூடாத சுவர்

ஊரே வெயிலில் காய்ந்து கிடந்த நாளில், விண்ணரசி டீச்சர் வீட்டுப் பின்னறையில் மட்டும் நாற்று நட்ட வயலின் வாடை அடித்தது. புதுச் சேறும் இளம்பச்சையும் கலந்த அந்த வாடை, குடவாசல் பக்கத்து விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவளுக்குப் பிடித்தமானதுதான். ஆனால் சுற்றுவட்டாரத்தில் எந்த வாய்க்காலிலும் சொட்டுத் தண்ணீர் இல்லாத கோடையில், டெட்டாலும் பவுடரும் மணக்க வேண்டிய நோயாளி அறையில் அதற்கு என்ன வேலை? கட்டிலுக்கு அடியில் பார்த்தாள், ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கடைசியில் சுவர் வெடிப்பின் அருகே முகத்தைக் கொண்டுபோனபோது வாடை குப்பென்று ஏறியது. உள்ளிருந்து குளிர்ந்த காற்றும் வந்தது.

கூரையில் தொடங்கித் தரைவரை இறங்கியிருந்த வெடிப்பு அது. போன கோடையில் பென்சில் கோடு மாதிரி இருந்தது. இப்போது கை நுழையும். அவள் கணவர் மிக்கேல்ராஜ் பாதி ஆயுளைக் குவைத்தில் கழித்து, நஞ்சை நிலத்தை வாங்கி மேடாக்கிக் கட்டிய வீடு. களிமண்ணை ஆழமாகத் தோண்டி எடுத்துவிட்டு, ஆற்று மணல் நிரப்பி, அதன்மேல்தான் அஸ்திவாரம் என்று பில்டர் துரைக்கண்ணுவிடம் பேச்சு. மனுஷன் அங்கிருந்தபடி போனில் போட்டோ பார்த்தே திருப்திப்பட்டுக்கொண்டார். களிமண்மேல் சும்மா தூவிய மணலைத்தான் அவன் படம் எடுத்து அனுப்பினான் என்பது குடிவந்து பல வருஷம் கழித்து, வீடு வாயைப் பிளந்த பிறகுதான் தெரிந்தது.

துரைக்கண்ணுமேல் வழக்குப் போட்ட சில மாதத்திலேயே மிக்கேல்ராஜுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கை, இடது கால், பேச்சு எல்லாம் போயின. கண் மட்டும் மிச்சம். அந்தக் கண்ணும் இப்போது எந்நேரமும் வெடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

பூசிவிடலாம் என்றுதான் அவள் வக்கீல் ஜாஃபர் சாதிக்கைக் கேட்டாள். அவர் பதறிப்போனார்.

"கோர்ட்டு அனுப்புற கமிஷனர் வந்து பாத்து ரிப்போர்ட் போடறவரைக்கும் அந்தச் சுவத்துல கையே வைக்காதீங்கம்மா. இத்தன வருஷம் கழிச்சு என்ன கேஸுன்னு ஏற்கெனவே கேக்குறாங்க. பூசிட்டீங்கன்னா அங்கேயே முடிஞ்சுது."

வெடிப்புதான் சாட்சி என்றார். விண்ணரசிக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. குருத்து ஞாயிறன்று கோவிலிலிருந்து கொண்டுவந்த ஓலையை அதில் செருகிவிட்டுப் பொறுத்திருந்தாள். மறுநாள் ஓலையைக் காணவில்லை. எலி இழுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

பிறகு ஒரு காலையில், கஞ்சியோடு உள்ளே போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மிக்கேல்ராஜின் இடது கை வெடிப்புக்குள் இருந்தது. விரல் அசைக்க முடியாத கை, முழங்கைவரை உள்ளே. இழுத்தாள். சுலபத்தில் வரவில்லை. வந்தபோது நகக்கண் எல்லாம் ஈரச்சேறு. அவர் முகத்தில் வலியோ பயமோ இல்லை. ரொம்ப நாளாகத் தேடியது கிடைத்த நிம்மதி இருந்தது. அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அழுகை வந்தது.

அன்றே கட்டிலை ஹாலுக்குத் தள்ளினாள். ஆஸ்பத்திரிக் கட்டில், நாலு சக்கரம். பிரேக்கை மிதித்து, சக்கரத்துக்குச் செங்கல்லும் முட்டுக் கொடுத்தாள். விடிந்து பார்த்தால் கட்டில் பின்னறையில், சுவரை ஒட்டி நின்றது. தரை அந்தப் பக்கம் சரிந்திருக்கிறது, உருண்டிருக்கும் என்றார் வக்கீல். அதையும் கமிஷனரிடம் காட்டலாம் என்று உற்சாகமாகச் சொன்னார். செங்கற்களோ ஹாலில் வைத்த இடத்திலேயே இருந்தன.

மஸ்கட்டிலிருந்து மகள் பிரின்ஸி வேறு வீடு பார்க்கச் சொன்னாள். பார்க்காமலா இருந்தாள்? படுத்த படுக்கை நோயாளி என்றதும் வாடகைக்குக் கொடுப்பவர்கள் நைசாகக் கழன்றுகொண்டார்கள். இருக்கிற பணமெல்லாம் இந்தச் சுவருக்குள் போய்விட்டது. கமிஷனர் ஒருமுறை வந்து பார்த்துவிட்டால் போதும், அன்று மாலையே பூசிவிடலாம் என்று நாளை ஓட்டினாள். துரைக்கண்ணு தரப்போ வாய்தாமேல் வாய்தா வாங்கியது. ஒருமுறை அவர்கள் வக்கீலுக்குக் காய்ச்சல், ஒருமுறை பில்டருக்கு வேளாங்கண்ணி வேண்டுதல்.

மேட்டூரைத் திறந்தார்கள். கல்லணை திறந்ததும் ஊருக்கே கால் தரையில் பாவவில்லை. தெருக்கோடி வாய்க்காலில் நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்தபோது பெண்கள் பூத்தூவினார்கள். விண்ணரசியும் வேடிக்கை பார்க்கப் போனாள். எதிர் வயலில், கோடை முழுக்கக் கை நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த களிமண், தண்ணீர் ஏற ஏற உப்பி, ஓசையில்லாமல் மூடிக்கொண்டு வந்தது. சின்ன வயதிலிருந்து வருஷா வருஷம் பார்ப்பதுதான். ஆனால் அன்றுதான் அவள் திரும்பித் தன் வீட்டுப் பக்கம் பார்த்தாள்.

வாய்தா எதற்கு என்று புரிந்துவிட்டது. துரைக்கண்ணு தண்ணீருக்காகக் காத்திருந்திருக்கிறான்.

வக்கீலுக்குப் போன் போட்டாள். சுவர் எப்படிம்மா மூடும் என்று டவுன்காரர் சிரித்தார். தேதி கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமை காலை கமிஷனர் வருகிறார், தைரியமாக இருங்கள் என்றார்.

வியாழன் சாயங்காலம் கோவில் மணி அடித்து ஓய்ந்ததும் அந்தச் சத்தம் கேட்டது. சுவருக்குள்ளிருந்து. சேற்றில் புதைந்த காலை ஒவ்வொன்றாக உருவி, பின்னால் வைத்து, மறுபடி உருவும் சத்தம். ஒருவர் இல்லை, வரிசையாகப் பல பேர். நடவு ஆட்கள் இப்படித்தான் குனிந்தபடி பின்னோக்கி நகர்வார்கள், அவளுக்குத் தெரியும். வரிசை இந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தது.

"தண்ணி வந்துருச்சு."

பேசியது மிக்கேல்ராஜ். மாதக்கணக்காக ஒரு சொல் வராத வாய். அவள் ஓடிப்போய் அவர் முகத்தைப் பிடித்துத் திருப்பினாள்.

"என்னங்க, என்னைப் பாருங்க. இங்க பாருங்க."

பார்க்கவில்லை. கண் மறுபடி சுவருக்கே போனது. வெடிப்பு இப்போது விரலளவுதான் இருந்தது.

சிமெண்டைக் குழைத்தாள். கரண்டியில் அள்ளி வெடிப்பின் அருகே கொண்டுபோனாள். இதைப் பூசினால் வழக்கு போச்சு, வீடு போச்சு, அவர் குவைத்தில் வெந்த வருஷமெல்லாம் போச்சு. இன்னும் ஒரு ராத்திரிதானே? கரண்டியை வாளியில் போட்டுவிட்டு, தன் சேலை முந்தானையை அவர் மணிக்கட்டில் கட்டிக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தாள். விடியும்வரை செபமாலை உருட்டினாள். சத்தம் நிற்கவே இல்லை.

காலையில் கேட்டைத் தட்டினார்கள். திறக்க ஆள் வேறு யாரும் இல்லை. முடிச்சை அவிழ்த்தாள். கேட்டுக்குப் போனாள். திறந்தாள். கமிஷனரம்மா, வக்கீல், பின்னால் வெள்ளைச் சட்டையில் துரைக்கண்ணு. அழைத்துக்கொண்டு திரும்பினாள். அவ்வளவுதான் நேரம்.

பின்னறையில் சத்தம் இல்லை. வாடையும் இல்லை.

கமிஷனரம்மா போன் டார்ச்சைச் சுவரில் அடித்துப் பார்த்தார். மயிரிழைக் கோடு. அவ்வளவுதான். வக்கீல் விரலால் தடவித் தடவிப் பார்த்தார்.

"களிமண் பூமி டீச்சர்," என்றான் துரைக்கண்ணு. "தண்ணி வந்தா எல்லாம் சேந்துக்கும்."

"பேஷண்ட் எங்கம்மா?" என்று கேட்டார் கமிஷனரம்மா.

கட்டில் சுவரோடு ஒட்டி நின்றது. தலையணையில் பள்ளம். போர்வை இல்லை. ஆள் இல்லை.

விண்ணரசி கட்டிலைத் தள்ளிவிட்டுச் சுவரை நெருங்கினாள். கோட்டில், கட்டில் மட்டத்தில், ஒரு சாண் துணி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. நீலக் கட்டம் போட்ட கைலி. நேற்று அவள் மாற்றிவிட்டது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வரவில்லை. காலைச் சுவரில் முட்டுக் கொடுத்து இழுத்தாள். மூன்று பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உள்ளிருந்து யாரோ இழுத்தார்கள்.

மெதுவாக. ஒரு பிடி. பிறகு இன்னொரு பிடி. ஈரத்துணி அவள் விரல்களுக்கு நடுவே நழுவி நழுவி, மயிரிழைக் கோட்டுக்குள் போய்க்கொண்டே இருந்தது.