சவர்க்காரத் தட்டில் இல்லாத மோதிரம்

காலை வெளிச்சம் சரியாக வருவதற்குள் யோசெப்பின் வந்துவிட்டாள். சப்பாத்தில் ஒட்டிய பனியைக்கூட உதறாமல் அருள்ராணியின் வீட்டு வாசலில் நின்றாள்.

"அக்கா, நான் எடுக்கேல்லை."

அருள்ராணி ஒஸ்லோவில் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் வேலை செய்பவள். தொலைந்ததாகச் சொல்லப்படும் பொருட்கள் உண்மையில் தொலைந்தனவா என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய பிழைப்பு. யோசெப்பினை இருத்தித் தேநீர் கொடுத்து, குடித்து முடிக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. கேட்கத் துடித்தது அவளுடைய கணவர் அல்பிரட்தான்.

யோசெப்பின் வேதக்காரி, கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அவளைக் கட்டியதற்காக இரவீந்திரனோடு அவனுடைய தமக்கை கமலாதேவி பல வருடம் கதைக்கவில்லை. இந்த டிசம்பர் நத்தார் விடுமுறைக்குத்தான் மனமிரங்கி, கணவரோடும் மகளோடும் கொழும்பிலிருந்து ஒஸ்லோ பார்க்க வந்திருந்தாள். நேற்று எல்லோரும் ஊர் சுற்றிவிட்டு வீடு திரும்பியபோது கமலாதேவியின் வலக்கையில் நீலக்கல் மோதிரம் இல்லை.

"காலமை வெளிக்கிட முந்தி குளியலறைச் சவர்க்காரத் தட்டிலை வைச்சவவாம். வந்த அண்டைக்கு உண்மையாவே அப்பிடி நடந்தது. விமானத்திலை விரல் வீங்கி, சவர்க்காரம் போட்டுக் கழட்டி, தட்டிலை மறந்துபோய் விட்டிட்டா. நான்தான் எடுத்துக் குடுத்தனான். இப்ப, 'ஒருக்கா எடுத்தவவுக்கு இடம் தெரியும்தானே' எண்டு மகளிட்டைச் சொல்லுறா." யோசெப்பினின் குரல் உடைந்தது. "நாளைக்கு வெளிக்கிடுகினம். இப்பிடியே போனால் இவருக்குத் தமக்கை இல்லை, எனக்கு மானம் இல்லை."

"குழாய்க்குள்ளை வழுக்கிப் போயிருக்கும்," என்ற அல்பிரட், பதிலுக்குக் காத்திராமல் குறடு தேடப் போனார்.

இரவீந்திரனின் வீட்டில் அவர் குளியலறைக் குழாயைக் கழற்றினார். தலைமுடியும் ஒரு பற்பசை மூடியும் வந்தன. குழாயாவது சுத்தமாயிற்று.

அருள்ராணி அந்தப் பக்கமே போகவில்லை. கூடத்தில் கமலாதேவிக்கு எதிரே அமர்ந்தாள்.

"நேற்று நல்ல குளிர். கையுறை போட்டிருந்தனீங்களோ அக்கா?"

"யோசெப்பின் தன்ரை கம்பளிக் கையுறையைத் தந்தவ," என்ற கமலாதேவி மடியிலிருந்த கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

நேற்றைய படங்களைப் பார்க்கலாமா என்று அருள்ராணி கேட்டாள். மகள் டிஜிட்டல் கமராவை நீட்டினாள். எல்லோரும் சுற்றி நிற்க, அருள்ராணி ஒவ்வொன்றாகத் தள்ளினாள்.

"இது நகர மண்டபத்துக்கு உள்ளை. உங்கடை கையைப் பாருங்கோ." மோதிரம் பளிச்சென்று தெரிந்தது. "அப்ப காலமை தட்டிலை வைக்கேல்லை. நீங்கள் நினைக்கிறது வந்த அண்டைக்கு நடந்ததை."

குறடோடு நின்ற அல்பிரட் அதை மெல்ல முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"இது ஆகர்ஸ்ஹுஸ் கோட்டை. ரெண்டு கையிலும் கையுறை. அடுத்த படத்திலை எல்லாரும் நிக்கினம், நீங்கள் இல்லை. அப்ப படம் எடுத்தது நீங்கள்தான். தடிச்ச கம்பளியோடை கமராப் பொத்தானை அமத்தேலாது, கழட்டியிருப்பியள். அதுக்குப் பிறகு எல்லாப் படத்திலையும் உங்கடை வலக்கை பொக்கற்றுக்குள்ளை இருக்கு. வீங்கின விரலை விட்டு வராத மோதிரம், குளிரிலை விரல் சுருங்கினால் தானாய் வழுக்கும். கையுறையோடை சேர்ந்து கழண்டிருக்கும். அந்தக் கையுறை எங்கை அக்கா?"

கமலாதேவி கைப்பையைத் திறந்தாள். உள்ளே நீல நிற இடக்கைக் கையுறை மட்டும் இருந்தது.

"கக்கத்துக்குள்ளை வைச்சுக்கொண்டு படம் எடுத்தனான். எங்கை விழுந்ததெண்டு தெரியேல்லை. இரவல் சாமானைத் துலைச்சுப்போட்டன் எண்டு இவவிட்டைச் சொல்ல வெக்கமாக் கிடந்தது."

ஒரு கையுறைக்காக வெட்கப்பட்டு, வீட்டு மனுசியைக் கள்ளியாக்கியது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தலை நிமிரவில்லை.

"பனிக்குள்ளை புதைஞ்சிருக்கும். கோட்டை முழுக்கக் கிண்டுவமோ?" என்றார் அல்பிரட்.

"தேவையில்லை. இந்த ஊர்ச் சனம் விழுந்து கிடக்கிற கையுறையை மிதிச்சுக்கொண்டு போகாது."

ட்ராமில் போய் இறங்கினார்கள். கோட்டை மதிலோரத்து இரும்பு வேலியில், கண்ணில் படும் உயரத்தில், நீலக் கையுறை ஒன்று செருகப்பட்டிருந்தது. அதன்மேல் இரவு பெய்த பனி இருந்தது. யோசெப்பின் அதை எடுத்து உள்ளே விரல்விட்டுப் பார்த்தாள். கையுறையின் விரல் நுனியில், கம்பளி இழையில் சிக்கியபடி மோதிரம் இருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. குனிந்து எடுத்து வைத்தவர் ஆணோ பெண்ணோ, யாருக்குத் தெரியும்? தான் ஒரு குடும்பத்தையே தூக்கி வைத்தது அந்த மனிதருக்குத் தெரியவே போவதில்லை. அவருக்கு மனதுக்குள் நன்றி சொன்னாள். அருள்ராணியின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டும் சொன்னாள்.

கமலாதேவி மோதிரத்துக்குக் கை நீட்டவில்லை. "மச்சாள், என்னை மன்னியும்," என்றாள். அந்த முறையைச் சொல்லி அவள் யோசெப்பினைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"முதலிலை கையுறையைப் போடுங்கோ மச்சாள். கை விறைக்கப் போகுது."

திரும்பும் வழியில், பனியில் ஒரு குழந்தையின் சிவப்புக் கையுறை கிடந்தது. முன்னால் போனவர்கள் கவனிக்கவில்லை. கமலாதேவி நின்று, குனிந்து எடுத்து, பனியைத் தட்டி வேலியில் செருகினாள்.

"இப்பிடி வைச்சால் தெரியுமோ?"

"இன்னும் கொஞ்சம் மேலை வையுங்கோ," என்றாள் யோசெப்பின்.