அனுப்பி வைக்கப்படாத சாமி

சிவந்த சாமி முகமூடியின் உள்பக்கம் வெதுவெதுப்பாக இருந்தது. யாரோ இப்போதுதான் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போனதுபோல, நெற்றி படும் இடத்தில் ஈரம் வேறு. ரன் தாவ்குய் அதைக் கையில் பிடித்தபடி ஒப்பனை அறையைச் சுற்றிப் பார்த்தார். நேற்று ஆட்டம் முடிந்ததும் அறையைப் பூட்டியவர் அவர். சாவி அவர் இடுப்பை விட்டு இறங்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மார்ச் மாதத்து மூடுபனி மலையை விழுங்கிவிட்டு முற்றம் வரை வந்திருந்தது. கடைவீதியிலிருந்து புளிப்பு மீன் குழம்பின் வாசனை வந்தது. அதற்கடியில் இன்னொரு வாசனை, கைதிகளுக்குக் கொடுப்பார்களே, அந்த மட்டமான சோப்பின் வாசனை. அது இங்கே வர வழியே இல்லை.

ஐந்தாறு வருடங்களுக்கு முன்னால் இந்தச் சிவந்த முகத்துச் சாமியை, மலையைத் தாண்டினால் ஒரு நாய்கூட அறியாது. பழைய புராணமெல்லாம் பேராசிரியர்களுக்கு என்று விட்டிருந்த காலம் அது. ரன் தாவ்குய் இந்தச் சாமியை வைத்துத் தயாரித்த இணையத் தொடர் வந்தது, ஊரே தலைகீழாகிவிட்டது. ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் பெண்பிள்ளைகள் பட்டு அங்கி உடுத்தி, தினமும் நடக்கும் மேடை ஆட்டத்தைப் பார்க்க வந்து இறங்குகிறார்கள், பள்ளிப் பைகளிலெல்லாம் குட்டிப் பொம்மையாகச் சாமி தொங்குகிறார். பொய்சாட்சி சொன்னவனைத் தேடி வருகிற சாமி. மூன்று முறை கேட்பார். உண்மையை ஒப்புக்கொண்டால் சிரித்துவிட்டுத் திரும்பிப் போவார். இல்லையென்றால் நாக்கை வேரோடு பிடுங்குவார். குழந்தைகளுக்கு அந்தக் கட்டம்தான் உயிர்.

அந்தக் கதையும், ஊர்ப் பொதுச்சொத்தான முகமூடிகளும் ஆன் வென்லூவின் பொறுப்பில் இருந்தவை. ஊர் முகமூடி ஆட்டக் குழுவின் தலைவர். ரன்னோடு சேவல் ரத்தம் கலந்த சாராயம் குடித்து அண்ணன் தம்பியாகச் சத்தியம் செய்துகொண்டவர். சாமியை வியாபாரத்துக்குத் தர மாட்டேன் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். பிறகு முகமூடிகள் காணாமல் போயின. ஆன் அவற்றைப் பழம்பொருள் தரகனுக்கு விற்றதை என் கண்ணால் பார்த்தேன் என்று கோர்ட்டில் நின்று சொன்னவர் ரன். ஆன் சிறையிலேயே இருமி இருமிச் செத்தார். முகமூடிகள் எப்படியோ கிடைத்து, ரன்னின் கம்பெனிக்கே வந்து சேர்ந்தன. புராணங்களைக் காப்பாற்றியவர் என்று அவருக்குப் பட்டம் வேறு.

கதவு திறந்தது. ஆனின் மனைவி சின் சூமெய், கையில் தைத்த அங்கிகளோடு வந்தாள். போன இலையுதிர் காலத்தில் அவளாகவே வந்து உடைப் பிரிவில் வேலை கேட்டாள். இவரும் பெரிய மனசோடு கொடுத்தார். பத்திரிகையில் படம்கூட வந்தது.

"அண்ணி, இதை யாராவது தொட்டாங்களா?"

"சாவி உங்க இடுப்புல இருக்கு. என்னைப் போயி கேக்குறீங்களே தம்பி."

"சூடா இருக்கு."

"இருக்காதா பின்ன? தினமும் மேளம் தட்டி வாங்க வாங்கன்னு கூப்பிடுறீங்க. போயிட்டு வாங்கன்னு ஒரு நாளாவது சொன்னீங்களா? வந்தவரு எங்கதான் போவாரு."

முகமூடி கட்டுமுன் சாமியை அழைப்பதும், கழற்றியபின் சாராயம் ஊற்றிக் காகிதம் எரித்துத் திருப்பி அனுப்புவதும் இந்த மலையில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். அழைப்பில் கொம்பும் தீப்பந்தமும் உண்டு, ஜனங்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். அனுப்புவதில் ஒரு கிழவரின் முணுமுணுப்பு மட்டும்தான். பாதியிலேயே நூடுல்ஸ் தின்ன எழுந்து போய்விடுவார்கள். அதனால் அதை வெட்டச் சொன்னவர் ரன். புத்தாண்டிலிருந்து அழைப்பு மட்டுமே நடக்கிறது.

சூமெய் ஊசியில் நூலைக் கோத்தாள். "ஜெயில்ல உங்க அண்ணனும் கடைசியில இதைத்தான் கேட்டாரு. எப்ப என்னை அனுப்புவாங்கன்னு."

"இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"

"வெளிய அத்தனை பேர் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறாங்க. அவங்க முன்னால உண்மையைச் சொல்லுங்க. சாமி சிரிச்சுட்டுப் போயிடுவாரு. கதை அப்படித்தானே?"

"சொல்லாட்டி?"

"சொல்லாட்டி எனக்குச் சந்தோஷம்தான்."

அவள் முகத்தில் கோபம் இல்லை. ரன் முகமூடியை அவசரமாக ஆணியில் மாட்டிவிட்டு, நடிகன் பெங் ஹையைக் கூப்பிட்டார். தினமும் சாமியாக ரன்னும், பொய்சாட்சியாக அவனும் மேடையேறுவார்கள்.

"இன்னைக்கு சாமி வேஷம் நீ கட்டு. உன் வேஷத்துல நான் வர்றேன்."

"முதலாளி, ஜனங்க உங்களைப் பாக்க வந்திருக்காங்க."

"அந்த வேஷத்துக்குத்தான் முகமூடியே கிடையாதே. நல்லா பாக்கட்டும்."

"உங்களுக்கு அது பொருந்துமா முதலாளி?" என்று பெங் ஹை வெள்ளந்தியாகச் சிரித்தான். சூமெய் தலையைக் குனிந்து நூலைப் பல்லால் கடித்தாள்.

கொம்பு ஒலித்தது. பனியும் ஊதுபத்திப் புகையும் கலந்து மேடை முழுக்கச் சாம்பல் நிறமாக, எதிரே ஜனங்களின் முகங்கள் தெரியாமல் அவர்கள் உயர்த்திய போன்களின் வெளிச்சம் மட்டும் மினுங்க, ரன் வெறும் முகத்தோடு நடுமேடையில் மண்டியிட்டார். முகமூடி தன் மேல் இல்லை என்ற நிம்மதியில் மூச்சு சீரானது. பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. பலகைகள் ஒவ்வொன்றாக முனகின. பெங் ஹை ஒல்லிப் பையன். இது கனமான நடை. நடுநடுவே நின்று, மூச்சு வாங்கி, மறுபடி நடந்தது.

சோப்பு வாசனை.

ரன் பக்கவாட்டில் பார்த்தார். திரைமறைவில் பெங் ஹை நின்றிருந்தான். அங்கி உடுத்தியிருந்தான். முகத்தில் ஒன்றும் இல்லை. முகமூடியைக் காணோம் என்று இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினான்.

சிவந்த முகம் அவர் முன்னால் வந்து நின்றது.

"நீ பார்த்ததையா சொன்ன, தம்பி?"

தம்பி என்ற சொல் வசனத்தில் கிடையாது. கேட்டு முடித்ததும் ஒரு இருமல். ஈரமான, அடிவயிற்றிலிருந்து வரும் இருமல்.

சொல்லிவிடு. சொன்னால் போய்விடுவார். ஆனால் அத்தனை போன்கள். நாளைக்கு நாடு முழுக்க ஓடும். கம்பெனி போகும், பட்டம் போகும், அவரே ஜெயிலுக்குப் போவார்.

"நீ பார்த்ததையா சொன்ன?"

உதடு திறந்தது. மூடியது.

"பார்த்ததையா?"

"என் கண்ணால பார்த்தேன்" என்றார் ரன். கோர்ட்டில் சொன்ன அதே குரல். பிசிறில்லாமல் வந்தது.

சாமி சிரிக்கவில்லை.

தாடையில் விரல்கள் பட்டன. வெதுவெதுப்பான விரல்கள். வாய் திறந்தது. அவர் திறக்கவில்லை. கீழ்த்தாடையில் ஏதோ முறியும் சத்தம். வலி காதுவரை பாய்ந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது.

மேடையோரத்தில் ஆட்டத்தைப் படம்பிடித்துக் காட்டும் பெரிய திரை அவர் கண்ணில் பட்டது. அதில் முகமூடி இல்லை. சாமி இல்லை. அவர் மட்டும் தனியாக மண்டியிட்டிருந்தார், தலை பின்னால் சாய்ந்து, வாய் ஒரு வாய்க்கு ஆகாத அகலத்தில் பிளந்து. நாக்கு வெளியே வந்துகொண்டிருந்தது. மெதுவாக. யாரும் இழுக்காமல்.

"அம்மா, இதை எப்படிம்மா பண்றாங்க?" என்று முன்வரிசையில் ஒரு குழந்தை கேட்டது. அதற்குப் பக்கத்தில் சூமெய் வந்து உட்கார்ந்திருந்தாள்.

இப்போது ரன் உண்மையைச் சொல்ல முயன்றார். நாக்கு மார்பைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.