மான் வாயில் வைத்த மைக்

யாரும் பேசாத அறையில் யாரோ மென்றுகொண்டிருந்தார்கள்.

சின்னவள் ஹெட்போனைக் கழற்றினாள். அறை அமைதியாகத்தான் இருந்தது. மறுபடி மாட்டிக்கொண்டு, சற்றுமுன் பதிவு செய்ததை ஆரம்பத்திலிருந்து ஓடவிட்டாள். இருந்தது. ஈரமான, அவசரமே இல்லாத, வாயை மூடாமல் மெல்லுகிற சத்தம். பக்கத்தில் உட்கார்ந்து அப்படிச் சாப்பிடுகிறவரைக் கண்டால் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விடத் தோன்றுமே, அந்த மாதிரி. ஹெட்போனுக்குள் இருப்பவரை விட்டு எங்கே எழுந்து போவது?

அவள் பதிவு செய்தது மௌனத்தை. ஒலிப்பதிவுக்காரர்களுக்கு அப்படி ஒரு வழக்கம் உண்டு. பேசத் தொடங்கும் முன் வாயை மூடிக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்து, அறையின் அமைதியைக் கொஞ்சம் பதிந்து வைத்துக்கொள்வார்கள். பின்னால் பேச்சை வெட்டி ஒட்டும்போது இடைவெளிகளை அடைக்க அது உதவும். மின்விசிறியின் முனகலோ குழாயில் தண்ணீர் சொட்டுவதோ அதில் விழுந்தால் ஆச்சரியமில்லை. மெல்லும் சத்தத்துக்கு அங்கே என்ன வேலை?

வனப்பூங்காவின் பார்வையாளர் மையத்துக்குப் பின்னால் இருந்த அந்த அறை, முன்பு பழைய ரப்பர் பூட்ஸும் உடைந்த வழிகாட்டிப் பலகைகளும் போட்டு வைக்கிற இடமாக இருந்தது. ஊடகப் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் எதிரொலி வராமலிருக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டைகளை ஒட்டி அதை ஸ்டுடியோ ஆக்கிவிட்டார்கள். ஜன்னல் கிடையாது. பூட்ஸ் போய்விட்டாலும் அவற்றின் வாடை போகவில்லை. ஆனால் இன்று அதன் அடியில் இன்னொரு வாடை இருந்தது. இனிப்பு கலந்த வாடை. ஜாடியில் பூவை மறந்துவிட்டு நெடுநாள் கழித்துத் திரும்பினால் அந்தத் தண்ணீரிலிருந்து வருமே, அது.

சின்னவள் எச்சிலை விழுங்கினாள். விழுங்கியது பிடிக்கவில்லை.

முதலில் தப்பான கோப்பைத் திறந்துவிட்டோம் என்றுதான் நினைத்தாள். ஏனென்றால் அந்தச் சத்தம் அவளுக்குப் புதிதல்ல. அதை அவள்தான் பிடித்து வந்தாள்.

ஓடைக்கு மேலே சரிவில் ஒரு ஆண் மான் செத்துக் கிடந்தது. வயதாகிச் செத்த மான். பூங்காவில் தானாகச் செத்ததை யாரும் தொடமாட்டார்கள். கிடந்த இடத்தில் கிடந்து மண்ணாக வேண்டும். பயிற்சிக்காரர்கள் எதிர் மரத்தில் ஒரு கேமராவைக் கட்டினார்கள். வயிறு உப்பி, வெடித்து, வண்டும் புழுவும் பறவையும் வந்து தின்று தீர்த்து, எலும்புக்கு நடுவே புல் முளைக்கும் வரைக்கும் படம். காடு தன் பிணத்தைத் தானே எப்படிச் செரிக்கிறது என்று பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். அதுதான் திட்டம்.

"படத்தை மட்டும் போட்டா நின்னு பாக்க மாட்டாங்க. காதுல ஏதாவது விழணும்," என்றார் மேடம். மையத்தின் பொறுப்பதிகாரி அவர். மேடம் என்றால் பூங்காவில் எல்லோருக்கும் அவர்தான்.

காதில் விழ வைக்கும் பொறுப்பைச் சின்னவள் ஏற்றுக்கொண்டாள். சரிவில் காற்று பேயாட்டம் ஆடியது. எங்கே மைக்கை வைத்தாலும் காற்றுதான் பதிவானது. அப்போதுதான் அந்த யோசனை வந்தது. மானின் வாய் அரைகுறையாகத் திறந்து கிடந்தது. கையுறை போட்ட இரண்டு விரலால் சட்டைக் காலரில் மாட்டுகிற சின்ன மைக்கை உள்ளே தள்ளினாள். கன்னமே காற்றுக்கு மறைப்பு. பிரமாதமான யோசனை. ராத்திரி முழுக்க மைக் உள்ளேயே கிடந்தது. புழுக்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்று புரண்டு நாக்கைத் தின்கிற சத்தத்தை, மழைத் தூறல் மாதிரி, அப்படியே அள்ளிக்கொண்டு வந்தது.

மைக்கை எடுக்கப் போன காலையில்தான் அந்த அசட்டுத்தனம் நடந்தது. சரிவு செங்குத்து. ஒரு கையால் வேரைப் பிடிக்க வேண்டும், இன்னொரு கையால் ஒயரைச் சுருட்ட வேண்டும். கை போதாதபோது தையல்காரர் ஊசியை உதட்டில் கவ்வுவது போல மைக் கிளிப்பைப் பல்லில் கவ்விக்கொள்வது அவள் பழக்கம். கவ்வினாள். மேலே ஏறி வந்த பிறகுதான், வாயில் இருப்பது எங்கிருந்து வந்தது என்று உறைத்தது. துப்பினாள், கொப்பளித்தாள், ஒரு மரத்தடியில் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. சொன்னால் ஆயுசுக்கும் கிண்டல் செய்வார்களே.

கிண்டலை விடப் பெரிய கவலையும் இருந்தது. பயிற்சி முடிந்ததும் ஒரே ஒருவரை மையத்திலேயே வேலைக்கு வைத்துக்கொள்ளப் போகிறார்கள். அது தானாக இருக்க வேண்டும் என்று அவள் மனசுக்குள் தவமே கிடந்தாள். இல்லாவிட்டால் அக்கா வீட்டுக்குத் திரும்பி, மாமாவின் டைல்ஸ் கடையில் கழிவறைக்கு எந்த நிறம் பொருந்தும் என்று வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். நாளைக் காலை புதிய காட்சிக்கூடம் திறப்பு. படம் தயார். பின்னணிக் குரல் மட்டும் பாக்கி.

கோப்பு சரியாகத்தான் இருந்தது. மைக்கில் மிச்சம் மீதி ஒட்டியிருக்குமோ? அதன் பஞ்சுத் தொப்பியை என்றைக்கோ தூக்கி எறிந்துவிட்டாள். இருந்தாலும் கழற்றி வைத்துவிட்டு, கூடப் பயிற்சி பெறுகிற பையனிடம் வேறு மைக் கேட்டு வாங்கினாள். கேமராவைப் பார்த்துக்கொள்கிறவன் அவன். படம் ஓட ஓடவே குறட்டை விடுவான் என்பதால் தூக்கம் என்று பெயர். புத்தம் புதுசு, உறைகூடப் பிரிக்காத மைக். அதைப் போட்டு மௌனத்தைப் பதிந்தாள்.

மென்றது.

எலியாக இருக்கும் என்று முட்டை அட்டைகளைத் தட்டிப் பார்த்தாள். கடைசியில் பதிவைத் தொடங்கிவிட்டு, தான் மட்டும் வெளியே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றாள். மாலை வெயில் மரங்களுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று சுத்தமாக இருக்கும் என்று ஆழ மூச்சை இழுத்தாள். அங்கேயும் அந்தப் பூத்தண்ணீர் வாடை. உள்ளே வந்து கேட்டாள்.

சுத்தமான மௌனம். துடைத்து வைத்த பாத்திரம் மாதிரி.

அவள் இல்லாதபோது அறையில் எந்தச் சத்தமும் இல்லை. இது என்ன கணக்கு என்று புரிய அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. புரிந்ததை ஒப்புக்கொள்ளத்தான் மனசு வரவில்லை. அந்த நேரம் பார்த்து ஃபோன் அடித்தது. அக்கா.

"என்னடி, வாயில என்ன? முழுங்கிட்டுப் பேசு."

"நான் எதுவும் சாப்பிடலக்கா."

"பொய் சொல்லாதே. மெல்லுற சத்தம் இங்க வரைக்கும் கேக்குது. மாடு மாதிரி." அக்கா சிரித்தாள். "நாளைக்கு என்ன ஆச்சுன்னு உடனே சொல்லு. உங்க மாமா கடையில வேற ஆள் போடாம உனக்காக வச்சிருக்காரு. ஏய், பேசும்போது மெல்லாதடி. கேக்கவே குமட்டுது."

"அக்கா, நெஜமாவே என் வாயில ஒண்ணும் இல்ல."

"சரி சரி, முடிச்சிட்டுக் கூப்பிடு." ஃபோனை வைத்துவிட்டாள்.

சின்னவள் கழிவறைக்கு ஓடினாள். கண்ணாடி முன்னால் வாயை ஆவென்று திறந்து, ஃபோன் விளக்கை உள்ளே அடித்தாள். நாக்கைத் தூக்கிப் பார்த்தாள். கன்னத்தை விரலால் விலக்கிப் பார்த்தாள். ஒன்றுமில்லை. சிவப்பாக, ஆரோக்கியமாக, பல் டாக்டர் சுவரில் மாட்டி வைக்கிற படம் மாதிரி இருந்தது. ஈறில் ரத்தம் வரும் வரை பல் தேய்த்தாள். துப்பியதைக் குனிந்து பார்த்தாள். நுரையும் ரத்தமும் மட்டும்தான். தன் வாயைத் தானே அருவருப்பதைப் போல ஒரு கொடுமை உண்டா? அதைக் கழற்றி எங்கேயாவது வைத்துவிட முடிந்தால் அப்போதே வைத்திருப்பாள். டாக்டரிடம்தான் போய் என்ன சொல்வது? எனக்குள் யாரோ மெல்கிறார்கள் என்றா?

நாளைக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். வேலை கைக்கு வரட்டும்.

அறைக்குத் திரும்பிப் பின்னணிக் குரலைப் பேசி முடித்தாள். 'காட்டில் எதுவும் வீணாவதில்லை' என்று ஆரம்பிக்கிற, மேடம் எழுதிக் கொடுத்த பேச்சு. எதிர்பார்த்தபடியே குரலுக்கு அடியில் அது மென்றுகொண்டிருந்தது. இருக்கட்டும். இரைச்சலை எடுக்கத்தான் வழி இருக்கிறதே. அவள் பேசாமல் இருந்த இடத்தில், மெல்லும் சத்தம் மட்டும் உள்ள ஒரு துண்டைத் தேர்ந்தெடுத்தாள். இதுதான் இரைச்சல் என்று சாஃப்ட்வேருக்குக் காட்டிக் கொடுத்தால், பதிவு முழுக்க அதே சத்தத்தைத் தேடிப் பிடித்துக் கழித்துவிடும். குரல் மட்டும் மிஞ்சும்.

கழித்தது. கேட்டாள்.

ஒன்றும் மிஞ்சவில்லை.

மெல்லும் சத்தம் போயிருந்தது. கூடவே அவள் குரலும் போயிருந்தது. திரையில் ஒரு நேர்கோடு. ஏதோ தவறு. மறுபடி செய்தாள். மறுபடியும் நேர்கோடு. கழித்ததை மட்டும் தனியாகக் கேட்கவும் அதில் ஒரு பொத்தான் உண்டு. அழுத்தினாள். அழுத்தாமல் இருந்திருக்கலாம்.

ஹெட்போனுக்குள் அவள் பேசினாள். தெளிவாக, ஏற்ற இறக்கத்தோடு, ஒரு சொல் விடாமல்.

வேகத்தைக் குறைத்தாள். இன்னும் குறைத்தாள். 'காட்டில்' என்ற சொல் நீண்டது. இழுபட்டது. பிரிந்தது. உள்ளே குரல் இல்லை. சின்னச் சின்ன ஈரச் சத்தங்கள். ஆயிரக்கணக்கில். ஒன்றன்மேல் ஒன்று. புரண்டு. நெருங்கி. சேர்ந்து ஒரு 'கா'. சேர்ந்து ஒரு 'ட்'.

தோளில் ஒரு கை விழுந்தது. மேடம்.

"எங்க, கொடு, கேப்போம்," என்று ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டு, கழிக்காத முழுப் பதிவை ஓடவிட்டார். சின்னவள் அவர் முகத்தையே பார்த்தாள். இப்போது அருவருப்பார், இப்போது கழற்றி எறிவார், அவரே கண்டுபிடித்துவிட்டால் தப்பித்தோம் என்றுகூட ஒரு கணம் இருந்தது. மேடத்தின் முகம் மலர்ந்தது.

"மான் சத்தத்தைக் குரலுக்கு அடியிலேயே கலந்துட்டியா? அருமையா இருக்கு. உடம்பெல்லாம் கூசுது. எதையும் மாத்தாதே." மூக்கை உறிஞ்சினார். "இந்த ரூம்ல என்ன இப்படி ஒரு நாத்தம்? சரி, நாளைக்கு வரவேற்புரையை நீயே பேசிடு. பேசி முடிச்சதும் உன் வேலையைப் பத்தி மேடையிலேயே சொல்லிடறேன்."

சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. வாயைத் திறக்கப் பயந்து தலையை மட்டும் ஆட்டினாள்.

காலையில் கூடம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் பள்ளிப் பிள்ளைகள், பின்னால் அவர்களை அடக்க முடியாத ஆசிரியர்கள். பின்வரிசைக்கும் தெரியட்டும் என்று, பேசுகிறவர் முகம் பெரிய திரையில் விழும்படி தூக்கம் கேமராவை வைத்திருந்தான். சின்னவள் ராத்திரி முழுக்க எதையும் சாப்பிடவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உள்ளே இருப்பதற்கு எதையும் போடக் கூடாது என்று ஒரு வைராக்கியம். இந்த ஒரு பேச்சு. அப்புறம் வேலை. அப்புறம் எந்த டாக்டரிடமும் போகலாம், எதை வேண்டுமானாலும் சொல்லலாம்.

மைக் முன்னால் நின்றாள். "எல்லாருக்கும் வணக்கம்," என்றாள். குரல் நன்றாகவே வந்தது.

முன்வரிசைப் பெண் ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். பக்கத்திலிருந்தவனும் பொத்தினான். எங்கிருந்தோ ஒரு ஈ வந்து சின்னவளின் கீழுதட்டில் உட்கார்ந்தது. மேடம் பக்கத்தில் நின்று, தொடரு என்று கையைக் காட்டினார். தொடர்ந்தாள். ஈ நடந்து உள்ளே போனது. அவளுக்கு உறைக்கவில்லை. நாக்கில் எதுவுமே உறைக்கவில்லை.

தூக்கத்துக்கு முகத்தை நெருக்கிக் காட்டுவதில் ஒரு ஆசை உண்டு. நெருக்கினான். பிள்ளைகளின் கண்கள் அவளை விட்டு அவளுக்குப் பின்னால் திரைக்குப் போயின. யாரும் கத்தவில்லை. ஒரு பையன் மட்டும் குனிந்து தன் காலடியிலேயே வாந்தி எடுத்தான்.

பேசிக்கொண்டே அவள் திரும்பிப் பார்த்தாள்.

நேற்று கண்ணாடியில் வாயைத் திறந்து பார்த்தாளே தவிர, பேசிக்கொண்டே பார்க்கவில்லை. இப்போது திரையில், ஒரு ஆள் உயரத்துக்கு, அவள் வாய். நாக்கு அடியில் சாம்பல் நிறத்தில் மல்லாந்து கிடந்தது. அசையவில்லை. அதன்மேல் வெள்ளையாக, பளபளப்பாக, அடர்த்தியாக ஒரு குவியல். எழுந்து பல்லைத் தொட்டது. ஒரு சொல். தாழ்ந்து அண்ணத்தை விட்டது. ஒரு சொல். ஒவ்வொரு எழுத்துக்கும் கூடியது, கலைந்தது, கூடியது.

சின்னவள் வாயை மூடப் பார்த்தாள். அது மூடவில்லை. வரவேற்புரை இன்னும் முடிந்திருக்கவில்லை.