காலி வீட்டின் ஓசை

யாருமில்லாத வீட்டின் ஒலிப்பதிவில் யாரோ மூச்சு விட்டார்கள்.

ஒலிப்பதிவாளன் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். ஒவ்வொரு அறையின் மௌனமும் ஒவ்வொரு மாதிரி; அதனால் காட்சி முடிந்ததும் எல்லோரையும் அசையாமல் நிறுத்தி, வெறும் அறையையும் ஒரு நிமிடம் பதிந்துகொள்வது படப்பிடிப்பில் வழக்கம். மனைவியைக் கொன்றுவிட்டு, அவள் ஊருக்குப் போயிருப்பதாகவே நம்பித் திரிகிற ஒருவனின் படம் இது. கடைசிக் காட்சியின் மௌனம் ஜெனரேட்டர் இரைச்சலில் பாழாகிவிட்டதால், நேற்று ஒலிப்பதிவாளன் தன் வீட்டிலேயே பதிந்து வந்திருந்தான். முந்தாநாள் சண்டைக்குப் பிறகு அவன் மனைவி அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள். வீடு காலி.

“பிரமாதம்ணே,” என்றான் இளம் இயக்குநர். “செத்தவ இன்னும் சாகலையோன்னு இருக்கு. இந்த மூச்ச எங்க புடிச்சீங்க?”

“நான் எதையும் சேக்கல.”

“அப்ப வீட்ல பேய் வளக்கறீங்களா? அண்ணி பாத்தா அதுவே ஓடிரும்.” சிரித்துக்கொண்டே எழுந்தவன் கதவருகே நின்றான். “ஆங், அவங்க அக்கா ஆபீசுக்குப் போன் பண்ணாங்கண்ணே. ரெண்டு நாளா தங்கச்சி போனே எடுக்கலையாம். பேசச் சொல்லுங்க.”

ரெக்கார்டரையும் மைக்கையும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குக் கிளம்பினான்.

வீட்டு வாசலில் மனைவியின் செருப்பு கிடந்தது. இரண்டும்.

ஹெட்போனை மாட்டி, மைக்கை முன்னால் நீட்டியபடி நடந்தான். ஃபிரிட்ஜின் முனகலையும், சமையலறைக் குழாயின் சொட்டையும், ஜன்னல் கம்பியில் உரசும் திரைச்சீலையையும் ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு, அடியில் இழையும் அந்த மூச்சை மட்டும் பிடித்துக்கொண்டு போகப் போக, அவளுடைய தலை எண்ணெய் வாசனை கெட்டியாகிக்கொண்டே வந்தது. உள்ளறை. வெளிச்சத்தம் புகாதபடி அவனே பஞ்சு ஒட்டிய பெரிய மர அலமாரி.

பூட்டியிருந்தது. வெளியிலிருந்து.

சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது.

உள்ளே நகம் கீறியது. “என்னங்க... தண்ணி...”

சாவியை எடுத்தான். பூட்டில் நுழைத்தான். கை நின்றது.

“அவதான் அக்கா வீட்ல இருக்காளே,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

தட்டல். மெல்ல. மறுபடியும். துளி எதிரொலி இல்லை. அருமையான சத்தம்.

மைக்கைப் பலகையோடு ஒட்டிவைத்தான். ரெக்கார்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது.

தட்டல் தேய்ந்தது. நெடுநேரம் கழித்து, இன்னொன்று. பிறகு இல்லை.

அவன் அசையவில்லை. வழக்கம்போல, அந்த அறையின் மௌனத்தையும் ஒரு நிமிடம் பதிந்துகொண்டான்.