சடைக்கு ஒரு தொப்பி

யாங்கோவின் தம்பி உலேமு மாமரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டான். மருத்துவமனையில் விடிந்ததிலிருந்து ஒரே நச்சரிப்பு.

"டாக்டர் எப்ப வருவாரு?"

"நான்தான் டாக்டர்," என்றார் கட்டிலருகே நின்ற சியோனே.

"நீங்க நர்ஸ் அக்கா இல்லையா?"

"எத்தன தடவடா சொல்றது? உனக்குக் கால் உடைஞ்சிருக்கா, காது உடைஞ்சிருக்கா?"

வார்டே சிரித்தது. அந்த மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்ய வந்த முதல் பெண் டாக்டர் சியோனேதான். உலேமுவின் எலும்பைச் சேர்த்துவிட்டு, மாலையே மலாவி ஏரிக்கரை மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டும். இன்று விட்டால், அவர் திரும்பி வர ஒரு வாரம் ஆகும். அதுவரை உலேமு வலி தாங்குவானா?

அம்மா முதுகில் பாப்பாவைக் கட்டிக்கொண்டு, வெளியே சமையல் கொட்டகையில் ன்சிமா களி கிண்டிக்கொண்டிருந்தார். தம்பியின் தள்ளுவண்டியோடு அறுவை அறை வாசல்வரை யாங்கோதான் போனாள். அங்கே ஒரே கலாட்டா.

தன் தங்கை கல்யாணத்துக்காக டாக்டர் தலை முழுக்கப் புதிதாகச் சின்னச் சின்னச் சடைகள் பின்னியிருந்தார். தொப்பியை இழுத்து மாட்டினால் இடப்பக்கம் ஒரு சடை எட்டிப் பார்த்தது. அதை உள்ளே தள்ளினால் வலப்பக்கம் இரண்டு வந்தன.

"ஒரு முடிகூட வெளிய தெரியக் கூடாது டாக்டர்," என்றார் அறைப் பொறுப்பாளர் கலுவா. "இத்தன வருஷத்துல யாருக்கும் இந்தத் தொப்பி பத்தாமப் போனதில்ல."

"அவங்க எல்லாம் ஒட்ட வெட்டின ஆம்பளைங்க ஐயா. அவங்க அளவுக்குத்தானே தைச்சு வச்சிருக்கீங்க?" டாக்டர் பெருமூச்சு விட்டார். "சரி, கத்தரிக்கோலக் குடுங்க. வெட்டிடுறேன்."

"ஐயோ, வெட்டாதீங்க! இதோ வந்துட்டேன்!" என்று யாங்கோ கொட்டகைக்கு ஓடினாள்.

"அம்மா, பாப்பாவக் கட்டுற மாத்துத் துணியக் குடு!"

துவைத்து, கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்து மடித்து வைத்திருந்த துணி அது. மஞ்சள் பூப்போட்ட சிட்டெஞ்சே. அதோடு ஒரே மூச்சில் திரும்பி வந்தாள்.

"குனிங்க டாக்டர்."

துணியை விரித்துச் சடைகளை மூடினாள். குறுக்கே இழுத்து, இறுக்கி, நுனியைச் செருகினாள்.

"எங்க பாப்பா என்னா துள்ளு துள்ளுவா தெரியுமா? அவளே இந்தக் கட்டுல இருந்து நழுவினதில்ல. உங்க சடையா நழுவும்?"

கலுவா டாக்டரைக் குனியச் சொன்னார், தலையை ஆட்டச் சொன்னார். ஒரு முடிகூட வரவில்லை. மஞ்சள் பூக்களைக் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார்.

"பூப்போட்ட துணி கூடாதுன்னு யாரும் சட்டம் போடல," என்று கதவைத் திறந்துவிட்டார்.

அறுவை முடிந்து, சாயங்காலம் உலேமு கண் விழித்தான்.

"டாக்டர் எப்ப வருவாரு?"

"அவங்க வந்து, கட்டுப் போட்டு, போயாச்சுடா!" என்று யாங்கோ விழுந்து விழுந்து சிரித்தாள்.

அடுத்த வாரம் உலேமுவும் யாங்கோவும் வீட்டுக்குக் கிளம்பும்போது கலுவா ஒரு பையோடு வந்தார். உள்ளே தையல்காரரிடம் தைத்த பூப்போட்ட தொப்பிகள், எல்லா அளவிலும். ஒன்றை எடுத்து யாங்கோவின் தலையில் வைத்தார். அது மூக்குவரை இறங்கியது.

"இவ்ளோ பெருசா இருக்கே!"

"இருக்கட்டும். நீ இங்க டாக்டரா வர்றப்ப, தொப்பி பத்தலன்னு என்கிட்ட சண்டைக்கு வரக் கூடாது பாரு," என்றார் கலுவா.

வீட்டுக்குப் போகும் மினிபஸ்ஸில்கூட யாங்கோ அதைக் கழற்றவில்லை.