பீரோவுக்குப் பின்னால்

செங்கல் லாரி வாசலில் வந்து நின்றபோது அம்மா அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். ஹாரன் சத்தத்தில் அவள் திரும்பிய நேரம் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதைத் துடைக்கக்கூடத் தெம்பில்லாமல் வெளியே வந்தாள்.

"இறக்க வேண்டாம்னு சொல்லுடா..." என்றாள் மகனிடம்.

மகன் வாயில் பிரஷ்ஷோடு நின்றிருந்தான். அதைப் பிடுங்கிக்கொண்டு கத்தினான். "காலங்கார்த்தாலயே ஆரம்பிச்சிட்டியா? மாடி வேண்டாம், மாடி வேண்டாம்... இதே பாட்டு! ஏன்னு கேட்டா மட்டும் வாய்க்குப் பூட்டு!"

அம்மா அந்தப் பூட்டைப் போட்டு எட்டு வருடமாகிறது. சாவியை எங்கே வைத்தோம் என்று அவளுக்கே மறந்துபோயிருந்தது.

மருமகள் பின்னாலேயே வந்தாள். "விடுங்க. நாங்க நாலு பேர் முன் ரூம்ல நசுங்கிக் கிடக்கறது அத்தை கண்ணுக்குத் தெரியாது. ரெண்டு ஜன்னல் வச்ச பெரிய ரூம் அவங்களுக்கு மட்டும்! அதையும் விடமாட்டாங்க, மேல கட்டவும் விடமாட்டாங்க. என் பிள்ளைங்க ஒருநாள் ஆசையா அங்க படுக்கப் போனா, ஈ விரட்டற மாதிரி விரட்டுவாங்க! சொந்தப் பேரப்பிள்ளைங்க மேல அப்படி என்ன வெறுப்போ..." கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஒரு வார்த்தை அம்மாவுக்கு நெஞ்சில் தைத்தது. எதையும் தாங்கிக்கொள்ளலாம். வெறுப்பாமே!

"இன்னைக்கு வேலை ஆரம்பிக்கலேன்னா நாங்க வாடகை வீடு பார்த்துக்கிட்டுப் போயிடறோம்," என்றான் மகன். "அப்பா தன் கையால கட்டின வீடு. நீயே அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு இரு!"

மேஸ்திரி வந்தார். அதிகம் பேசாத மனிதர். பேசினால் சுவரைப் பார்த்துத்தான் பேசுவார். மாடிப்படி அம்மாவின் பின் அறையை ஒட்டித்தான் ஏற வேண்டும், முதலில் அந்தச் சுவரைப் பார்க்க வேண்டும் என்றார்.

பின் அறையில் அம்மாவின் இரும்புப் பீரோ சுவரை விட்டு ஒரு முழம் தள்ளியே நிற்கும், சுவரோடு கோபித்துக்கொண்ட மாதிரி. வருகிறவர் போகிறவரெல்லாம் கேலி செய்தும் அம்மா அதை நகர்த்த விட்டதில்லை.

"அதைத் தொடாதீங்க!" என்று இப்போதும் குறுக்கே நின்றாள்.

"உள்ள புதையலா வச்சிருக்க? தள்ளும்மா!" மகன் தோளைக் கொடுத்துத் தள்ளினான். பீரோ கிறீச்சிட்டு விலகியது. சத்தம் கேட்டு மருமகளும் கதவருகே வந்து எட்டிப் பார்த்தாள்.

ஜன்னல் மூலையில் தொடங்கி, கட்டிலின் தலைமாட்டை ஒட்டித் தரைவரை சுவர் கோணலாகப் பிளந்திருந்தது. விரிசல் நீண்ட இடத்தையெல்லாம் குறித்த மாதிரி, மேலே ஒரு பென்சில் கோடு, பக்கத்தில் தேதி. அதற்குக் கீழே இன்னொரு கோடு, இன்னொரு தேதி. நுணுக்கமான கையெழுத்தில் தரைவரை தேதிகள் இறங்கின. விரிசலுக்குக் குறுக்கே அங்கங்கே விரலளவு கண்ணாடித் துண்டுகள், இரண்டு பக்கமும் சிமென்ட் வைத்து ஒட்டியவை. எல்லாமே நடுவில் உடைந்திருந்தன.

மேஸ்திரி குனிந்து ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். "யாரும்மா இதைப் பண்ணது?"

"நான்தான். இவன் அப்பாகூட வேலை செஞ்ச கொத்தனார் முன்னாடி சொல்லிக் கொடுத்தது."

"சுவர் அசையாம நின்னா கண்ணாடி முழுசா இருக்கும், தம்பி. அசைஞ்சா பட்டுனு உடையும்," என்று மேஸ்திரி மகன் பக்கம் திரும்பினார். "இதோ, தேதியைப் பாருங்க, கடைசித் துண்டு ஒட்டி நாற்பது நாள்தான் ஆகுது. உடைஞ்சிருச்சு. சுவர் இறங்கிக்கிட்டே இருக்கு. இதுமேல மாடியை ஏத்தியிருந்தீங்கன்னா..." அவர் கட்டிலைப் பார்த்தார். "இந்தச் சுவருக்கடியில யாரு படுக்கறது?"

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

மருமகளுக்கு எட்டு வருடத்துக்கு முன் நடந்த தன் கல்யாணம் ஞாபகம் வந்தது. புதுசாகக் கல்யாணமானவர்களுக்கென்று இந்த அறையைத்தான் ஒழித்து வைத்திருந்தார்கள். அவள் வந்த அன்றைக்கே மாமியார் திடீரென்று தன் கட்டிலை இங்கே இழுத்துப் போட்டுக்கொண்டு, "எனக்குக் காத்து வேணும்" என்று சொல்லிவிட்டாள். அந்தக் கதையை மருமகள் பிறந்த வீட்டில் எத்தனை தடவை சொல்லி அழுதிருப்பாள்!

"அம்மா... ஏம்மா சொல்லல?" என்றான் மகன்.

"என்னத்தைச் சொல்ல? இங்க ஒரு பழைய குழி இருந்துச்சு. அவசரத்துல உங்கப்பா மண்ணைக் கொட்டி மூடி, மேலயே அஸ்திவாரம் போட்டுட்டார். விரிசல் விட்டப்போ ரெண்டு தடவை பூசினார். மூணாவது தடவை பூச அவர் இல்ல. நீ போற இடமெல்லாம் 'எங்கப்பா கட்டின வீடு, எங்கப்பா கட்டின வீடு'ன்னு பெருமை பேசற... அதை நான் எப்படிடா உடைப்பேன்?" அம்மா கட்டிலில் உட்கார்ந்தாள். "விழுந்தா என்மேல விழட்டும்னு படுத்துக்கிட்டேன். எட்டு வருஷமா காதைச் சுவத்துல வச்சே படுத்துட்டேன்டா. அலுத்துப்போச்சு."

"பிள்ளைங்களை விரட்டினீங்களே... அதுக்குத்தானா அத்தை?" மருமகள் ஓடிவந்து அவள் காலடியில் உட்கார்ந்தாள். "என்னென்ன பேசிட்டேன்! ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் உங்க பொண்ணு இல்லையா?" மடியில் முகம் புதைத்து அழுதாள். அம்மா அவள் தலையைத் தடவினாள். தடவத் தடவ அவளுக்கும் அழுகை வந்தது.

"சொல்லியிருக்கணும்மா," என்றார் மேஸ்திரி, சுவரைப் பார்த்தே. "வீட்டு நோயை மூடி வைக்கக் கூடாது." பிறகு மகனிடம் விவரம் சொன்னார். கூரைக்கு முட்டுக் கொடுத்து, இந்த அறையை மட்டும் பிரித்து, குழியைத் தோண்டி, கெட்டி மண் தட்டும் ஆழத்திலிருந்து அஸ்திவாரம் எழுப்ப வேண்டும். மாடியை அப்புறம் யோசிக்கலாம்.

மகன் வாசலுக்குப் போனான். "கல்லை இறக்குங்க," என்றான் லாரிக்காரரிடம். "பின் ரூமுக்கு வேணும்." திரும்பி வந்து, அம்மாவைக் கைப்பிடித்து எழுப்பிவிட்டு, கட்டிலைத் தலைமேல் தூக்கிக்கொண்டு முன் அறைக்கு நடந்தான்.

சாயங்காலம் அம்மா அங்கே சற்றுப் படுத்தாள். பழக்கத்தில் காது சுவரைத் தேடியது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பேரப்பிள்ளைகள் இருவரும் கதவருகே தயங்கி நின்றார்கள். சின்னது மெல்லக் கேட்டது: "பாட்டி, பக்கத்துல படுக்கலாமா? விரட்ட மாட்டியே?"

அம்மா நகர்ந்து இரண்டு பக்கமும் இடம் விட்டாள்.